நீ இவனை விசாரித்துக்கொள்

எனக்குப் பதினான்கு வயது நடந்த ஆண்டில், ஒரு பெந்தெகொஸ்தே பண்டிகை ஞாயிறன்று, எங்கள் கிராமத்து ஆலயத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாக வாசிக்கும் ஆசிரியர் வெளியூர் போயிருந்ததால், முந்தின இரவு எட்டு மணிக்குமேல்தான் எனக்குத் தகவல் சொன்னார்கள். எட்டாம் வசனம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் வசனத்தில் வருகிற "பார்த்தரும், மேதரும், எலாமீத்தரும்" என்ற வரிசையை எப்படியோ தாண்டி, மெசொப்பொத்தாமியாவில் இரண்டு தரம் தடுக்கி, கப்பத்தோக்கியாவில் முற்றிலுமாக நின்றுபோனேன். பெண்கள் உட்காரும் பக்கத்திலிருந்து யாரோ அடக்கப் பார்த்து முடியாமல் விட்ட சிரிப்பு பையன்கள் வரிசைக்கும் பரவியது. மிச்ச வசனங்களை விட்டுவிட்டு, "இத்துடன் வேதபாடம் முடிந்தது" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

ஆராதனைக்குப் பிறகு, காணிக்கை எண்ணும் அறையின் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோது உள்ளே நடந்த பேச்சு காதில் விழுந்தது. சபையின் மூப்பர்களில் ஒருவர், ஊரில் செல்வாக்குள்ளவர், "பண்டிகை நாள்ல சபை மானம் போயிட்டு உபதேசியாரே, சின்னப் பையன்களை எல்லாம் ஏத்தி விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உபதேசியார் சில்லறைக் காசை அடுக்கிக்கொண்டே நிமிராமல் பதில் சொன்னார்: "அடுத்த ஞாயிறும் அவன்தான் வாசிப்பான் அண்ணாச்சி. தப்பு வந்தா அவனை ஒண்ணும் சொல்லாதீங்க, என்னைக் கேளுங்க."

அன்று சாயங்காலம் அவருடைய வீட்டுத் திண்ணைக்குப் போனேன். ஓய்வு நேரத்தில் பனைநார்க் கட்டில் பின்னிப் பின்னி அவருடைய கட்டைவிரல் தடித்து, நகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். அந்த விரலை வேதாகமத்தின் மேல் வைத்து, கப்பத்தோக்கியாவின் பின்பாதியை மூடினார். "கப்பத்" என்று வாசித்தேன். விரலை நகர்த்தி முன்பாதியை மூடினார். "தோக்கியா" என்று வாசித்தேன். "பெரிய வார்த்தையா இருந்தா பயப்படக் கூடாது, பாதியை மூடிக்கிட்டுப் பாதியை வாசி" என்றார். அவ்வளவுதான் பாடம். அதற்குப் பிறகு அவருடைய மனைவி கொடுத்த அவித்த பனங்கிழங்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிறு வாசித்தேன். தப்பு வரவில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஓர் இடத்தில் வரியே மாறிப்போனது. மூப்பர் அண்ணாச்சி உபதேசியாரைக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துச் சபைகளின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பல கிராமச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். குருவானவர் ஒருவர் எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக இருப்பார். நற்கருணை ஆராதனைக்கு முறை வைத்து வருவார். மற்ற நாட்களில் ஒரு சபையைக் காலைமணி அடிப்பது முதல் அடக்க ஆராதனை வரை தாங்கி நிற்பவர் உபதேசியார். அவருடைய சம்பளம் சொற்பம்; குடியிருப்பது சபை கொடுத்த வீடு; அடுத்த மாறுதலில் எந்த ஊருக்குப் போவார் என்பதில் மூப்பர்களின் வாய்ச்சொல்லுக்கும் பங்கு உண்டு. "என்னைக் கேளுங்க" என்று அவர் சொன்னபோது எதைப் பணயமாக வைத்துப் பேசினார் என்பது, நானே ஒரு சபையின் கமிட்டியில் உட்கார்ந்து, உபதேசியார்களின் பெயர்கள் எப்படிப் புரட்டப்படுகின்றன என்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

சபைத் தலைமைத்துவத்தைப் பற்றி இன்று கருத்தரங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றில் சிலவற்றுக்கு நானும் போய், கோப்பும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் நம்முடைய பழைய வேதாகமத் தமிழிலேயே தலைமைக்கு உரிய சொற்கள் நான்கைந்து கிடக்கின்றன. நாம் அன்றாடம் புழங்கிப் புழங்கி அவற்றின் பொருளைத் திருப்பிப் போட்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சபைத் தலைவனுக்குக் கொடுக்கப்பட்ட பெயர் கண்காணி. தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நம் நினைவில் ஏறிய பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டதும் கையில் கம்போடு வரிசையின் பின்னால் நடக்கிற ஆள்தான் கண்முன் வருகிறார். அதே அதிகாரம், கண்காணி "அடிக்கிறவனும்" ஆக இருக்கக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லுகிறது. சிறுவயதில் இந்த வரியைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) யாரையாவது அடிப்பாரா என்று. அந்த வரி தேவைப்பட்டதனால்தான் எழுதப்பட்டது என்பதைக் கமிட்டிக் கூட்டங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

அந்தப் பட்டியலை நிதானமாக வாசித்தால் இன்னொன்றும் தெரியும். தெளிந்த புத்தி, அந்நியரை உபசரித்தல், பொறுமை, சண்டைபண்ணாமை, பண ஆசையின்மை என்று வருகிற தகுதிகளில் திறமை என்று சொல்லத்தக்கது "போதகசமர்த்தன்", அதாவது போதிக்கத் திறமையுள்ளவன், என்ற ஒன்றுதான். மற்றவை யாவும் ஒருவன் வீட்டிலும் தெருவிலும் எப்படிப்பட்ட ஆளாக இருக்கிறான் என்பதைப் பற்றியவை. நாமோ பிரசங்கத்தையும், கணக்குத் தெரிவதையும், அலுவலகங்களில் காரியம் சாதிப்பதையும் முதலில் பார்த்துவிட்டு, குணத்தைச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்கிறோம்.

ஐந்தாம் வசனம் என்னை அதிகமாக நிறுத்திவைத்த வசனம். "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" குடும்பத்துக்கு நடத்துதல் என்று சொன்னவர், சபைக்கு வரும்போது விசாரித்தல் என்று சொல்லை மாற்றுகிறார். மூலத்தில் இங்கே வருகிற கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் மொத்தம் 3 இடங்களில்தான் வருகிறது. மற்ற இரண்டும் லூக்கா பத்தாம் அதிகாரத்தில், நல்ல சமாரியன் கதையில் இருக்கின்றன. குற்றுயிராய்க் கிடந்தவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான் என்பது ஒன்று. மறுநாள் புறப்படும்போது இரண்டு பணத்தைச் சத்திரத்தான் கையில் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று சொன்னது மற்றொன்று. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் தீமோத்தேயுவிலும் லூக்காவிலும் அதே விசாரித்தலையே போட்டிருக்கிறார்கள். சபையை விசாரிப்பது என்பது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து, காயங்கட்டிப் பார்த்துக்கொள்வதன் பெயர்.

இன்றைக்கு ஒரு சபையில் "அவர்மேல் விசாரணை நடக்கிறது" என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நலம் விசாரிப்பதும் அந்தச் சொல்தான், விசாரணைக் கமிட்டியும் அந்தச் சொல்தான். நாம் எதற்கு அதிகமாக அதைப் பயன்படுத்துகிறோம் என்பதே நம்முடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

முதலாளி என்ற சொல்லுக்கும் இதே கதிதான். ரோமர் 12:8-இல், வரங்களைப் பற்றிப் பேசுமிடத்தில், "முதலாளியானவன் ஜாக்கிரதையாயிருக்கக்கடவன்" என்று இருக்கிறது. முன்னே நிற்பவன் என்பதுதான் அங்கே கருத்து. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிய காலத்தில் அந்தச் சொல் முதன்மையான ஆள் என்ற பொருளைத் தாங்கியிருக்க வேண்டும். இப்போது அது கடைக்கும் ஆலைக்கும் சொந்தக்காரரைத்தான் குறிக்கிறது. வசனம் மாறவில்லை, சில சபைகளில் தலைவர்கள்தான் சொல்லின் புதிய பொருளுக்கு மாறிவிட்டார்கள்.

அதே வசனத்தின் தொடக்கத்தில், "புத்திசொல்லுகிறவன் புத்திசொல்லுகிறதிலும் தரித்திருக்கக்கடவன்" என்று வருகிறது. புத்தி சொல்வது என்றால் நமக்குத் திட்டுவதற்கு மரியாதையான பெயர். ஆனால் அங்கே உள்ள மூலச்சொல்லின் வேர், பக்கத்தில் வரும்படி அழைப்பது. அந்த ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்களைத் தமிழ் வேதாகமம் இடத்துக்கு ஏற்றபடி ஆறுதல் என்றும், புத்திசொல்லுதல் என்றும், பரிசுத்த ஆவியானவருக்குத் தேற்றரவாளன் என்றும் பெயர்த்திருக்கிறது. இன்றைய தமிழில் நாம் ஊக்கப்படுத்துதல் என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பக்கத்தில் போய் நிற்காமல் எட்ட இருந்து இதைச் செய்ய முடியாது என்பது அந்த வேரிலேயே அடங்கியிருக்கிறது.

இந்தச் சொல்லைப் பெயராகவே சுமந்த ஒருவர் உண்டு. சீப்புருதீவைச் சேர்ந்த லேவியனாகிய யோசே என்பவருக்கு அப்போஸ்தலர்கள் வைத்த மறுபெயர் பர்னபா; "ஆறுதலின் மகன்" என்று அர்த்தம். அவர் பெரிய பிரசங்கியாக நமக்குக் காட்டப்படவில்லை. அவர் எழுதியதாக ஒரு நிருபமும் புதிய ஏற்பாட்டில் இல்லை. ஆனால் அவர் நுழைகிற இடத்திலெல்லாம் வேறொருவருக்குக் கதவு திறக்கிறது. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுல் எருசலேமுக்கு வந்து சீஷரோடு சேர்ந்துகொள்ளப் பார்த்தபோது, அவர்கள் "நம்பாமல் எல்லாரும் அவனுக்குப் பயந்திருந்தார்கள்" என்று நடபடிகள் 9:26 சொல்லுகிறது. பயந்ததில் நியாயம் இருந்தது. வீடுவீடாய்ப் புகுந்து விசுவாசிகளை இழுத்துக்கொண்டுபோய்க் காவலில் போட்ட ஆள், மனந்திரும்பிவிட்டேன் என்று வந்து நின்றால், எந்தக் கமிட்டி உடனே சேர்த்துக்கொள்ளும்? பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடத்தில் அழைத்துக்கொண்டு போனார். சவுல் நடித்திருந்தால் முதலில் அழிந்திருப்பது பர்னபாவின் பெயர்தான்.

பிறகு அந்தியோகியா. அங்கே யூதரல்லாத புறஜாதியார் திரளாய்ச் சேர்ந்த புதுமையான சபையை எருசலேமிலிருந்து பார்த்துவரும்படி அனுப்பப்பட்டவர் அவர். இன்றைய வழக்கில் சொன்னால் விசாரணைக்குப் போனவர். போன இடத்தில் அவர் செய்த முதற்காரியம், "தேவனுடைய கிருபையைக் கண்டபோது, சந்தோஷப்பட்டு" என்று எழுதப்பட்டிருக்கிறது. குறை காணும் அதிகாரத்தோடு ஓரிடத்துக்குப் போய், அங்கே உள்ள நன்மையைக் கண்டு சந்தோஷப்பட்டுத் திரும்புவது எவ்வளவு கடினம் என்பது, தணிக்கைக்குப் போன அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். அதன் பிறகு அவர் எல்லாருக்கும் "புத்திசொன்னான்". நான் மேலே சொன்ன அதே வேர்ச்சொல்தான். அங்கே வேலை தன்னால் தாங்க முடியாதபடி பெருகியபோது, எருசலேமுக்கு ஆள் கேட்டு எழுதாமல், தர்சுவில் பல ஆண்டுகளாகப் பெரிதாகப் பேசப்படாமலிருந்த சவுலைத் தேடிப் போய் அழைத்து வந்தார். ஒரு வருஷகாலம் இருவரும் சேர்ந்து உபதேசித்தார்கள். புறப்படும்போது "பர்னபாவும் சவுலும்" என்றிருந்த வரிசை, அதே பதின்மூன்றாம் அதிகாரத்துக்குள் "பவுலும் பர்னபாவும்" என்று பெரும்பாலும் மாறிவிடுகிறது. நம் ஊரில் பண்டிகை அழைப்பிதழில் பெயர் ஒரு வரி கீழே இறங்கினாலே சேகரம் இரண்டாகும்.

பர்னபாவைக் குறையில்லாதவராக்கி வைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பர்னபாவும் "மாயத்தினாலே இழுப்புண்டான்" என்று பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார். எல்லாரையும் தாங்கிப் பிடிக்கிற மனமுள்ளவர்களுக்கு யாரையும் நோகடிக்க வராது. அந்த வராமையே சில வேளைகளில் அநியாயத்துக்குத் துணைபோகும். தட்டிக்கொடுக்கத் தெரிந்த தலைவருக்குத் தடுத்து நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி.

மாற்குவின் காரியத்தில் நான் நெடுங்காலம் பவுலின் பக்கம் இருந்தேன். இருவரும் போன முதல் ஊழியப் பயணத்தில் கூட வந்து, பம்பிலியாவில் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனவனை மறுபடியும் கூட்டிக்கொண்டு போவது நல்லதல்ல என்று பவுல் எண்ணினார். நிர்வாகம் தெரிந்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள். பர்னபா தன் இனத்தானாகிய மாற்குவை விடவில்லை. கடுங்கோபம் மூண்டு, இருவரும் பிரிந்தார்கள். இனப்பாசம் என்று பேசியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஆண்டுகள் கழிந்து, தன் கடைசி நாட்களில் பவுல், "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதற்கு இடைப்பட்ட காலத்தில் பர்னபா அந்த இளைஞனிடம் என்ன பேசினார், எத்தனை தரம் பொறுத்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பேட்டில் இடம் கிடைப்பதில்லை.

நம்முடைய மண்ணில் இதற்கு ஓர் உதாரணம் தேடினால் எனக்கு அசரியா அத்தியட்சர்தான் (பிஷப்) முதலில் நினைவுக்கு வருகிறார். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில், ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் பெறாமலே வெளியே வந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராய் அலைந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையிலேயே ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்து, திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். பணமும் ஆளும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டுத் தான் மேடையிலேயே இருப்பது அவரை உறுத்தியது. 1909-இல் குருத்துவ அபிஷேகம் பெற்று, தெலுங்கு கற்றுக்கொண்டு, தானே அங்கே போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், சுமார் 1,200 பிரதிநிதிகள் கூடியிருந்த அவையில், ஆசியாவிலிருந்து வந்த விரல்விட்டு எண்ணத்தக்க சிலரில் ஒருவராக அவர் பேச எழுந்தார். வயது 35. இந்திய ஊழியர்களுக்கும் ஐரோப்பிய மிஷனெரிமாருக்கும் இடையே இருக்கவேண்டிய உறவு இல்லை, ஒட்டாத தூரம் இருக்கிறது என்று அவர்களுடைய முகத்துக்கு நேரே சொன்னார். பேச்சின் முடிவில் ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் தொட்டு, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவையில் பலருக்கு அது கசந்தது. பள்ளியும் மருத்துவமனையும் சம்பளமும் கொடுத்தவர்களிடத்தில், நீங்கள் எங்களைப் பக்கத்தில் வைக்கவில்லை என்று சொல்லுவது நன்றிகெட்ட பேச்சாகத்தானே தோன்றும். உபகாரம் செய்வதற்கும் பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர்களை நான் அறியேன். (அவருடைய மனைவியின் பெயரே அன்பு மாரியம்மாள் என்பது தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

அவருக்கும் ஒரு பர்னபா வாய்த்திருந்தார். சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி வொய்ட்ஹெட், இந்தியர் ஒருவர் அத்தியட்சராக வேண்டும் என்று விடாமல் வாதாடினார். வெள்ளைக்காரர்கள் ஓர் இந்தியரின் கீழ் வேலை செய்வார்களா என்ற கேள்வி எழுந்தது. எதிர்த்தவர்களில் இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்; நம்மவர் மேலே வருவதை நம்மவரே தடுக்கும் வழக்கம் நேற்று ஏற்பட்டதல்ல. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோர்ணக்கல் பகுதியில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டிருந்த மக்கள், எழுத்தறியாதவர்கள், கூலிவேலை செய்கிறவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேல் வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற கருத்தில் சொல்லும்படி அவர் செய்தார். நேற்றுவரை கோயில் தெருவில் கால் வைக்கக்கூடாதென்று விரட்டப்பட்ட ஒருவருக்கு, உன்னிடத்தில் சொல்லத்தக்க செய்தி இருக்கிறது, நீ சொல்லாவிட்டால் அது நஷ்டம் என்று ஓர் அத்தியட்சர் அறிவிப்பதைவிடப் பெரிய ஊக்கம் என்ன இருக்க முடியும்? உன்னைப் பாராட்டுகிறேன் என்று சொல்லுவது சுலபம். உன்னிடம் ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைக்கிறேன் என்று சொல்லும்போது, சொல்லுகிறவரும் கூடவே மாட்டிக்கொள்கிறார்.

தென்னிந்தியத் திருச்சபைகளின் ஐக்கியத்துக்காக 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய கூட்டம் முதல் அவர் உழைத்தார். 1945 ஜனவரி 1 அன்று காலமானார். திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27-இல்தான் நடந்தது.

இத்தனையும் படித்துத் தெரிந்தவன்தான் நான். ஆனால் பட்டணத்தில் குடியேறி, அங்கே ஒரு சபையின் செயலராக இருந்த ஆண்டில் நான் செய்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நாணயமாகாது. கிறிஸ்துமஸ் காலத்தில் வாலிபர் சங்கத்தார் வீடுவீடாய்க் கீதபவனி போய்க் காணிக்கை வாங்குவது வழக்கம். அந்த வருஷம் ரசீதுப் புத்தகத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பையன். கணக்கைக் கூட்டியபோது ரசீதுகளின் தொகைக்கும் கையிலிருந்த பணத்துக்கும் 640 ரூபாய் வித்தியாசம் வந்தது. வங்கியில் வேலை பார்த்தவன் என்ற கர்வத்தோடு, அவனைத் தனியாக அழைத்துக் கேட்காமல், 19 பேர் இருந்த கமிட்டிக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி விசாரித்தேன். அவன் பதில் சொல்லத் தெரியாமல் நின்றான். "தேவனுடைய பணம் தம்பி, விளையாட்டு இல்லை" என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, தணிக்கைக்காக அந்தப் புத்தகத்தை மறுபடியும் புரட்டினேன். பவனியில் பிடித்த மெழுகுதிரி சிந்தி, ஒரு தாளின் மூலை பின்னட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்லப் பிரித்தேன். 640 ரூபாய்க்கு எழுதின ரசீது. குறுக்கே இரண்டு கோடு போட்டு, "ரத்து, ஞாயிறன்று ஆலயத்தில் நேரில் செலுத்துவார்களாம்" என்று அவன் தெளிவாக எழுதியிருந்தான். அதன் நகல் தாளை மட்டும் பார்த்து நான் கூட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைப் பதிவில் அந்தத் தொகையும் இருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், "கீதபவனிக் கணக்கிலிருந்த வித்தியாசம் சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. குற்றம் 19 பேர் காதில் விழுந்தது. திருத்தம் நான் மட்டும் வாசிக்கிற குறிப்பேட்டில் கிடந்தது. அவன் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வாலிபர் சங்கத்துக்கும் வரவில்லை. ஞாயிறு ஆராதனைக்குத் தாயாரோடு வந்து, கடைசி ஜெபத்துக்கு முன்னால் எழுந்து போய்விடுவான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவனுடைய வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை, விடுதிக்குப் போய்விட்டான் என்றார் அவனுடைய தாயார். உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தார். சுவரில் ஓய்வுநாள் பள்ளி வேதத் தேர்வில் அவன் வாங்கின சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. ரசீதைப் பற்றி அவரிடம் சொன்னேன். "அவன் அன்னைக்கே எங்கிட்ட சொன்னான் ஐயா, ரத்து பண்ணினேம்மான்னு. நான் நம்பினேன்" என்றார். கோபம் இல்லை, அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, நடந்ததை முழுவதும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "விடுங்க சார், சின்ன விஷயம்" என்றார். கேட்க வேண்டியவன் அந்த அறையில் இல்லை.

போன வருஷம் ஆலயப் பிரதிஷ்டை பண்டிகை அசனத்துக்கு அவன் வந்திருந்தான். படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலை. தாயாரைப் பார்க்க வந்த இடத்தில், பந்தியில் ஆள் குறைகிறது என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்தான். என் இலைக்கு முன்னால் வந்ததும் குனிந்து, சோற்றின் நடுவே குழி செய்யச் சொல்லி, இரண்டு கரண்டி ஊற்றினான்.

"போதுமா ஐயா, இன்னும் ஊத்தட்டுமா?" என்று கேட்டான்.

போதும் என்றேன். அடுத்த இலைக்கு நகர்ந்தான்.